செபாங் டிராக்கில் பைக் ஓட்டப் போகிறேன், கையெழுத்துப் போடலாமா?

கோவையிலிருந்து ஒரு வாசகர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் வேலை பார்க்கும் இடமும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், அவற்றை விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்கு 39 வயது. தனியார் நிறுவனத்தில் நல்ல பொறுப்பில் இருக்கிறார். மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், இன்னும் பல வருடம் கட்ட வேண்டிய வீட்டுக்கடன். செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் பயிற்சி வகுப்புகளுக்குப் போய், தன்னுடைய 400 சிசி பைக்கை ஓட்டிப் பழகியிருக்கிறார். அங்கே ஒருமுறை விழுந்து இடது காறை எலும்பு உடைந்து, உள்ளே பிளேட் வைத்திருக்கிறார்கள். இப்போது அங்கே கூட ஓட்டும் நண்பர்கள் குழு மலேசியாவின் செபாங் சர்க்யூட்டில் நடக்கும் டிராக் டேக்கு, அதாவது பணம் கட்டியவர்கள் பந்தயப் பாதையில் ஓட்டிப் பார்க்கும் நாளுக்கு, போகிறது. 600 சிசி பைக்கை அங்கேயே வாடகைக்கு எடுத்து ஒருநாள் முழுக்க ஓட்டுவதாகத் திட்டம். பாதிப் பணம் கட்டியாகிவிட்டது.

ஏற்பாட்டாளர் நான்கு பக்கப் படிவம் ஒன்றை அனுப்பியிருக்கிறார். இறப்போ காயமோ எது நடந்தாலும், அது எங்கள் அலட்சியத்தாலேயே நடந்திருந்தாலும், நாங்கள் பொறுப்பில்லை என்பது அதன் சாரம். 'இதெல்லாம் சும்மா சம்பிரதாயம், கோர்ட்டில் நிற்காது' என்கிறார்கள் நண்பர்கள். சாதாரண டிராவல் இன்சூரன்ஸ் போதும், இது ரேஸ் இல்லையே என்றும் சொல்கிறார்கள். அப்படியே கவர் ஆகாவிட்டால், ஹோட்டல் படிக்கட்டில் விழுந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒருவர் யோசனை தந்திருக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் எடுத்த டேர்ம் பாலிசியில் (இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு), ஆபத்தான பொழுதுபோக்கு உண்டா என்ற கேள்விக்கு ஏஜென்ட் 'இல்லை' என்று குறித்துவிட்டார். அப்போதே நம் வாசகர் டிராக்கில் ஓட்டத் தொடங்கியிருந்தார். ஏற்பாட்டாளரின் மருத்துவப் படிவத்தில் காறை எலும்பு விஷயத்தை எழுதினால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயப்படுகிறார். மனைவியிடம் ஆபீஸ் வேலையாகக் கோலாலம்பூர் போவதாகச் சொல்லி வைத்திருக்கிறார், உண்மையைச் சொல்லிவிட வேண்டுமா என்றும் கேட்கிறார். கடைசியாக, 17 வயதான அக்கா மகனையும் அழைத்துப் போய் ஓட்ட வைக்கலாமா என்று கேட்கிறார்.

அன்புள்ள நண்பருக்கு,

டிராக்கில் ஓட்ட ஆசைப்படுவதே தவறு என்று நான் சொல்லப் போவதில்லை. வேகத்தில் ஆசை உள்ளவர் அவிநாசி ரோட்டிலோ எல் அண்ட் டி பைபாஸிலோ அதைத் தீர்த்துக்கொள்ளாமல், எதிரே லாரி வராத, நாய் குறுக்கே ஓடாத, மார்ஷலும் ஆம்புலன்ஸும் தயாராக நிற்கிற இடத்தில் தீர்த்துக்கொள்வது பொறுப்பான காரியம்தான். விபத்து இழப்பீட்டு வழக்குகளை நடத்துகிற எனக்கு இதில் சந்தேகமே இல்லை. பொதுச் சாலையில் வேகமாக ஓட்டுபவர் அந்த ஆபத்துக்குச் சம்மதிக்காத நாலு பேரையும் சேர்த்தே அதில் இழுத்துவிடுகிறார்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய விஷயம் வேறு. இன்சூரன்ஸ் கம்பெனியிடம் ஒன்றை மறைக்கிறீர்கள், ஏற்பாட்டாளரிடம் ஒன்றை மறைக்க நினைக்கிறீர்கள், மனைவியிடம் பயணத்தையே மறைத்துவிட்டீர்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தால் இந்த மூன்றும் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஏதாவது ஒன்று தவறினால் மூன்றும் ஒரே நாளில் வெளியே வரும். அன்றைக்கு நீங்கள் ஆஸ்பத்திரியில் இருப்பீர்கள், பதில் சொல்ல வேண்டியவர் உங்கள் மனைவியாக இருப்பார். நான் கீழே சொல்லப்போகிற சட்ட விஷயங்கள் எல்லாமே இதைச் சுற்றித்தான் வருகின்றன.

ரேஸ் இல்லை, அதனால் கவர் ஆகும் என்ற நம்பிக்கை

இந்த நம்பிக்கை நிறையப் பேரிடம் இருக்கிறது. டிராக் டே போட்டி இல்லை என்பது உண்மைதான். யாரும் யாரோடும் போட்டி போடுவதில்லை, பரிசு கிடையாது, வேகத்துக்கு ஏற்பப் புதியவர், நடுத்தரம், வேகமானவர் என்று குழு பிரித்து, ஒவ்வொரு முறையும் பதினைந்து இருபது நிமிடம் ஓட விடுகிறார்கள். ஆனால் பாலிசியில் விலக்கு எழுதுகிறவர் 'ரேஸ்' என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்வதில்லை. வேகப் போட்டி, அதற்கான பயிற்சி, பந்தயப் பாதையில் வாகனம் ஓட்டுதல், ஆபத்தான விளையாட்டு என்று அடுக்கிக்கொண்டே போவார்கள். உங்கள் பாலிசியில் இவற்றில் எது இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் பதில் மாறும். விளம்பரத் தாளை விட்டுவிட்டு, முழு பாலிசி வாசகத்தை இறக்கி, விலக்குகள் பகுதியைப் படியுங்கள். சாகச விளையாட்டுக்கான கூடுதல் கவர் வாங்கினாலும், அந்தப் பட்டியலில் டிரெக்கிங்கும் ஸ்கூபாவும் இருந்து மோட்டார் சைக்கிள் சர்க்யூட் இல்லாமல் போக வாய்ப்பு அதிகம்.

நண்பர்களில் யாரோ ஒருவர், தொழில்முறை வீரராக இருந்தால் மட்டுமே விலக்கு என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் எங்கே படித்தார் என்று எனக்குப் புரிகிறது. இந்தியாவில் மருத்துவக் காப்பீட்டு பாலிசிகளுக்கு, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019-இல் பொதுவான விலக்கு வாசகங்களை வகுத்துத் தந்தது. அதில் சாகச விளையாட்டு பற்றிய விலக்கு, தொழில்முறையாகப் பங்கேற்பவருக்கு மட்டும் என்றுதான் இருக்கிறது. மோட்டார் பந்தயமும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் அந்த வழிகாட்டுதல் வெளிநாட்டுப் பயணப் பாலிசிகளுக்குப் பொருந்தாது. அங்கே ஒவ்வொரு கம்பெனியும் தன் வாசகத்தைத் தானே எழுதுகிறது. இதில் உங்களுக்கு ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. அங்கே முதலுதவி முடிந்து ஊர் திரும்பி, கோவையில் அறுவை சிகிச்சை செய்துகொள்ள நேர்ந்தால், உங்கள் குடும்ப மெடிக்ளெய்ம் அதைக் கொடுக்க வேண்டியிருக்கலாம். அந்த பாலிசியின் விலக்கையும் ஒருமுறை சரிபார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஆபீஸ் தரும் பயணக் காப்பீட்டை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள், இது உங்கள் சொந்தப் பயணம்.

இன்சூரன்ஸ் கம்பெனியிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். மூடிய சர்க்யூட், போட்டி கிடையாது, நேரம் பதிவு செய்வதில்லை, பயிற்றுநர் உண்டு, வாடகை பைக், இன்ன தேதி, இந்த நிலையில் ஏற்படும் காயத்துக்கு அவசர சிகிச்சையும் ஊர் திரும்பும் மருத்துவச் செலவும் கிடைக்குமா, ஆம் அல்லது இல்லை என்று சொல்லுங்கள் என்று எழுதுங்கள். போனில் 'எல்லாம் கவர் ஆகும் சார்' என்று யாராவது சொல்வதை ஆதாரமாக வைத்து எந்த மன்றத்திலும் வாதாட முடியாது. நேரம் பதிவு செய்வது பற்றி ஏன் குறிப்பாகச் சொல்கிறேன் என்றால், பைக்கில் நேரத்தை அளக்கும் டிரான்ஸ்பாண்டர் கருவி மாட்டி, லேப் நேரத்தை வரிசைப்படுத்திப் பட்டியல் போட்டுவிட்டால், அது வேகப் போட்டி என்று வாதாட இன்சூரன்ஸ் தரப்புக்கு வழி கிடைத்துவிடும். பிரிட்டனில் பல ஏற்பாட்டாளர்கள் டிராக் டேயில் லேப் டைமரையே அனுமதிக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஏற்பாட்டாளரே குழு விபத்துக் காப்பீடு எடுத்திருந்தால் அதன் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். இறப்புக்கு எவ்வளவு என்பதை மட்டும் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது மருத்துவச் செலவின் உச்சவரம்பு, வெளிநாட்டவருக்கு அது பொருந்துமா என்பது, ஊருக்குக் கொண்டுவரும் செலவு உண்டா என்பது. மலேசியாவில் தனியார் மருத்துவமனைகள் சேர்க்கும்போதே முன்பணமோ இன்சூரன்ஸ் கம்பெனியின் உத்தரவாதக் கடிதமோ கேட்பார்கள். இவை எதுவும் கிடைக்காமல் போனால் என் ஆலோசனை ஒன்றுதான். மருத்துவ கவர் இல்லாமல் டிராக்கில் இறங்காதீர்கள். கட்டிய பாதிப் பணம் போனாலும் பரவாயில்லை. அந்த இழப்பு எவ்வளவு என்று இன்றே உங்களுக்குத் தெரியும். கவர் இல்லாமல் விழுந்தால் ஆஸ்பத்திரிச் செலவு எவ்வளவு ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

படிக்கட்டில் விழுந்த கதையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். செபாங்கில் விழுந்தால் முதலில் உங்களைப் பார்ப்பது சர்க்யூட்டின் மருத்துவ மையம். அங்கே ஒரு பதிவு, ஆம்புலன்ஸில் ஒரு பதிவு, மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு பதிவு. இவற்றை மீறிப் பொய்க் காரணம் சொல்லிப் பணம் வாங்க முயன்றால் கிளெய்ம் போவதோடு முடியாது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவில் வரும் மோசடிக் குற்றமாகவும் ஆகலாம். ஒருவேளை நினைவோடு எழுந்து நேராக ஹோட்டலுக்குப் போய்விட்டு, அங்கிருந்து மருத்துவமனைக்குப் போனீர்கள் என்றே வையுங்கள். அப்போதுதான் பயமே. படியில் விழுந்தவரை மருத்துவர் பரிசோதிக்கும் விதம் வேறு, 150 கிலோமீட்டர் வேகத்தில் விழுந்தவரைப் பரிசோதிக்கும் விதம் வேறு. மண்ணீரலில் மெல்லக் கசிகிற ரத்தத்தை அவர் தேடாமலே விட்டுவிடலாம். அந்த யோசனை சொன்ன நண்பர் உங்கள் நலன் நினைத்துத்தான் சொல்லியிருப்பார். அவருக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

டேர்ம் பாலிசியில் இருக்கும் அந்த 'இல்லை'

உங்கள் கேள்விகளில் குடும்பத்துக்கு அதிகம் முக்கியமானது இதுதான், நீங்களோ இரண்டு வரியில் கடந்துவிட்டீர்கள்.

இன்சூரன்ஸ் சட்டம் 1938-இன் 45-ஆவது பிரிவுப்படி, பாலிசி தொடங்கி மூன்று வருடம் முடிந்துவிட்டால், படிவத்தில் சொன்னது தவறு என்று காட்டி ஆயுள் பாலிசியைக் கேள்வி கேட்க முடியாது. மூன்று வருடத்துக்குள் கேட்கலாம். உங்களுக்கு இரண்டு வருடம்தான் ஆகியிருக்கிறது. படிவம் எழுதிய நாளில் நீங்கள் டிராக்கில் ஓட்டத் தொடங்காமல் இருந்திருந்தால், 'இல்லை' என்பது அன்றைக்கு உண்மையான பதிலாக இருந்திருக்கும். ஆனால் தொடங்கிவிட்டேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஏஜென்ட்தான் டிக் அடித்தார் என்பது உதவாது. கையெழுத்துப் போட்டவர், நான் படிக்காமல் போட்டேன் என்று பொதுவாகத் தப்பிக்க முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 2019-இல் ஓர் ஆயுள் காப்பீட்டு வழக்கில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது.

இன்னும் ஒரு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தால் மூன்று வருடம் ஓடிவிடுமே என்று தோன்றும். அந்த ஒரு வருடத்துக்குள்தானே செபாங் போகிறீர்கள்? இப்போதே கம்பெனிக்கு எழுதித் திருத்தம் கேளுங்கள். பிரீமியம் கூடலாம். சர்க்யூட் விபத்துக்கு மட்டும் விலக்கு போடலாம். பாலிசியையே மறுபரிசீலனை செய்கிறோம் என்று சொல்லும் ஆபத்தும் இருக்கிறது, அதை நான் மறைக்கவில்லை. அதற்குத் தயாராக, வேறு கம்பெனியில் உண்மையைச் சொல்லி ஒரு விலை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இத்தனைக்கும் பிறகும் திருத்துவதே நல்லது. இப்போது மறுத்தால் உயிரோடு இருக்கும் நீங்கள் வேறு பாலிசி எடுக்கலாம். பிறகு மறுத்தால் உங்கள் மனைவிக்கு, கட்டிய பிரீமியம் மட்டும் திரும்பி வரும். மோசடி என்று நிரூபித்துவிட்டால் அதுகூட வராது. டேர்ம் பாலிசியோடு விபத்து மரண ரைடர் என்ற கூடுதல் கவர் சேர்த்திருந்தால் அதை இந்தப் பயணத்துக்கு எண்ணவே வேண்டாம், பந்தயமும் வேகப் பயிற்சியும் அதில் பெரும்பாலும் விலக்குதான்.

வீட்டுக்கடனோடு ஒரு இன்சூரன்ஸும் வங்கியில் எடுத்திருப்பார்கள். அதையும் எடுத்துப் பாருங்கள். அது ஆயுள் பாலிசியா, விபத்து பாலிசியா என்பதே நிறையப் பேருக்குத் தெரிவதில்லை.

அந்த நான்கு பக்கம்

கோர்ட்டில் நிற்காது என்று நண்பர்கள் சொல்வது பாதி உண்மை. பிரிட்டனில் அலட்சியத்தால் நேர்ந்த இறப்புக்கும் காயத்துக்கும் பொறுப்பைக் கைகழுவும் ஷரத்தைச் சட்டமே செல்லாது என்கிறது. மலேசியாவில் 1950-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 29-ஆவது பிரிவு இருக்கிறது, நம் 1872 சட்டத்தின் 28-ஆவது பிரிவுக்கு உடன்பிறப்பு மாதிரி. ஒருவர் நீதிமன்றம் போகும் உரிமையை முற்றாக அடைக்கும் ஒப்பந்தம் செல்லாது என்பது அதன் உள்ளடக்கம். 2018 இறுதியில் அந்நாட்டு ஃபெடரல் நீதிமன்றம் ஒரு வங்கி வழக்கில், எந்த நஷ்டத்துக்கும் நாங்கள் பொறுப்பில்லை என்ற முழுமையான ஷரத்தை இந்தப் பிரிவைக் காட்டித் தள்ளுபடி செய்தது. ஆகவே கையெழுத்துப் போட்டுவிட்டால் எல்லாம் போச்சு என்று நினைக்க வேண்டாம்.

மற்ற பாதியைக் கேளுங்கள். பைக் ஓட்டும்போது வழுக்கி விழுவது அந்த விளையாட்டோடு சேர்ந்தே வரும் ஆபத்து. தெரிந்தே இறங்கியவர் அதற்காக வழக்குப் போட்டால் எந்த ஊர் நீதிமன்றமும் கேட்காது. டிராக்கில் எண்ணெய் கொட்டியிருப்பது தெரிந்தும் சிவப்புக் கொடி காட்டாமல் விட்டார்கள், வாடகை பைக்கின் பிரேக் பேட் தேய்ந்திருந்தது, புதியவர்கள் குழுவில் வேகமானவர்களைக் கலந்துவிட்டார்கள் என்பது போல, அவர்கள் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டதை நீங்கள் நிரூபித்தால்தான் வழக்கு நிற்கும். அதையும் மலேசியாவில், மலேசிய வழக்கறிஞரை வைத்து, சாட்சிகளைத் திரட்டி நடத்த வேண்டும். உரிமை இருக்கிறது, அதை எட்டிப் பிடிக்கச் செலவும் வருடங்களும் ஆகும்.

பொறுப்புத் துறப்பைவிட நான் பயப்படுவது மூன்றாம் பக்கத்தில் நீங்கள் படம் எடுத்து அனுப்பிய அந்த ஈட்டுறுதி ஷரத்துக்கு. உங்களால் வேறொருவருக்கு நஷ்டம் வந்து அவர் ஏற்பாட்டாளர் மேல் வழக்குப் போட்டால், அந்தத் தொகையை நீங்கள் ஏற்பாட்டாளருக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது அது. தடுப்புச் சேதம், எண்ணெய் துடைக்கும் செலவு எல்லாம் அதிலேயே வருகிறது. இதற்கு உச்சவரம்பு உண்டா, குழுக் காப்பீடு இதையும் சேர்க்கிறதா என்று எழுதிக் கேளுங்கள். இந்தியாவில் உங்கள் பைக்குக்கு எடுத்த பாலிசி இங்கே வராது. அது பந்தயத்தையும் வேகச் சோதனையையும் விலக்குகிறது, மலேசியாவுக்கு நீட்டிக்கவும் முடியாது, தவிர பைக்கே உங்களுடையது இல்லை.

வாடகை ஒப்பந்தம் தனிக் காகிதம். விழுந்தால் சேதத்துக்கு நீங்கள்தான் பணம் கட்ட வேண்டும், அதில் பேரம் பேச ஒன்றும் இல்லை. முன்பணத்தோடு முடியுமா, அல்லது முழு பைக் விலை வரை போகுமா என்பதுதான் கேள்வி. உதிரிபாக விலையை யார் நிர்ணயிப்பது என்றும் கேளுங்கள். வாங்கும்போதே பைக்கைச் சுற்றி வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டை ஈடாகக் கேட்டால் கொடுக்காதீர்கள், அது இந்திய அரசின் சொத்து என்று பாஸ்போர்ட் சட்டமே சொல்கிறது.

பணம் யாருக்குக் கட்டினீர்கள் என்று எழுதவில்லை. இந்தியாவில் பதிவான நிறுவனத்துக்குக் கட்டி ரசீது வாங்கியிருந்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நீங்கள் குடியிருக்கும் கோவையிலேயே புகார் கொடுக்க முடியும். குழுத் தலைவரின் சொந்த ஜிபே எண்ணுக்கு அனுப்பியிருந்தால் அந்தக் கதவு கிட்டத்தட்ட மூடிவிடும். மீதிப் பணத்தையாவது ரசீது கிடைக்கும் வழியில் கட்டுங்கள்.

காறை எலும்பும் அந்த டிராக்கும்

மருத்துவப் படிவத்தில் பிளேட் பற்றி எழுதுங்கள். எழுதாமல் விட்டால், ஏற்பாட்டாளருக்கு எதிராக நான் மேலே சொன்ன எந்த வழக்கையும் அவர்கள் முதல் நாளே, இவர் எங்களிடம் பொய் சொன்னவர் என்று உடைப்பார்கள். குழு இன்சூரன்ஸும் அதையே பிடித்துக்கொள்ளும். அறுவை செய்த எலும்பு மருத்துவரிடம் போய், ஓட்டலாம் என்று எழுத்தில் வாங்குங்கள். பிளேட் இருக்கும் எலும்பு மறுபடி அடிபட்டால் பிளேட்டின் ஓரத்தில் உடைய வாய்ப்புண்டு என்பதால், அவர் வேண்டாம் என்று சொல்லவும் கூடும். அந்தப் பதிலையும் கேட்கத் தயாராகப் போங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கரி ஸ்பீட்வே சுமார் 2.1 கிலோமீட்டர். செபாங் 5.543 கிலோமீட்டர், 15 திருப்பங்கள். கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீளத்தில் இரண்டு நேர்ப்பாதைகள், நடுவே ஒரு கூர்மையான கொண்டை ஊசி. பழக்கமில்லாத 600 சிசி பைக்கில் அந்த நேர்ப்பாதையின் முடிவில் பிரேக் பிடிக்கும்போது, செட்டிபாளையத்தில் நீங்கள் ஒருபோதும் தொடாத வேகத்தில் இருப்பீர்கள். மேலே வெயில், உள்ளே லெதர் சூட், காற்றில் ஈரம், பிற்பகலில் திடீரென்று இடியோடு மழை. 2011 அக்டோபர் 23 அன்று இதே டிராக்கின் 11-ஆவது திருப்பத்தில் இத்தாலிய வீரர் மார்கோ சிமோன்செல்லி இறந்தார். கீழே சரிந்த அவர் மேல் பின்னால் வந்த பைக்குகள் மோதியதுதான் காரணம். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. எந்தக் குழுவில் ஓட்டுகிறீர்கள், பின்னால் வருபவர் யார் என்பது எத்தனை முக்கியம் என்று உணர வேண்டும். நண்பர்கள் நடுத்தரக் குழுவில் சேர்ந்தாலும் நீங்கள் புதியவர்கள் குழுவில் பதிவு செய்யுங்கள். முந்துவதற்கான விதி அங்கே கடுமையாக இருக்கும். களைத்துப்போனால் கடைசி சுற்றை விட்டுவிடுங்கள், பணம் கட்டியாயிற்றே என்று இறங்காதீர்கள். காலை விளக்கக் கூட்டத்தைத் தவறவிடவே கூடாது, கொடிகளின் அர்த்தம் அங்கேதான் சொல்வார்கள். அதில் கலந்துகொண்ட பதிவும் பின்னால் ஆதாரமாக உதவும். ஹெல்மெட்டில் எந்தத் தரச் சான்று வேண்டும் என்று முன்பே கேளுங்கள், நம் ஐஎஸ்ஐ முத்திரை மட்டும் உள்ளதை ஏற்காமல் ஐரோப்பியத் தரமான ஈசிஇ சான்று கேட்கக்கூடும்.

வீட்டில் சொல்வது

மனைவியிடம் சொல்வது பற்றி, இது சட்டக் கேள்வி இல்லை என்று நினைத்து, மன்னிப்போடு கேட்டிருந்தீர்கள். எனக்கு இது சட்டக் கேள்வியும்தான். விபத்து நடந்தால் மருத்துவமனை முதலில் அழைக்கப்போவது உங்கள் மனைவியை. பாலிசி எண், இன்சூரன்ஸ் உதவி எண், ஏற்பாட்டாளர் யார், உங்கள் ரத்த வகை, நாமினி யார், எந்த மின்னஞ்சலில் எது இருக்கிறது, எதுவுமே தெரியாமல், ஆபீஸ் மீட்டிங்கில் இருப்பதாக நினைத்த கணவர் ஏன் சர்க்யூட்டில் இருந்தார் என்ற கேள்வியோடு அவர் அந்த போனை எடுப்பார். அப்புறம் அவர் உங்கள் அலுவலகத்துக்கு போன் செய்வார். அங்கே நீங்கள் லீவில் இருப்பதாகச் சொல்வார்கள்.

காறை எலும்பு உடைந்தபோது ஆஸ்பத்திரியில் உங்களோடு இருந்தவர் அவர். வேண்டாம் என்று சொல்வார் என்றுதானே மறைத்தீர்கள்? சொல்லத்தான் செய்வார், அவருக்கு அந்த உரிமை இருக்கிறது. ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனியின் எழுத்துப் பதில், மருத்துவரின் கடிதம், திருத்திய டேர்ம் பாலிசி இவற்றை மேசையில் வைத்துப் பேசும் கணவரிடம் அவர் பேசும் விதமும், இரவில் ரகசியமாகப் பெட்டி கட்டியவரிடம் பேசும் விதமும் ஒன்றாக இருக்காது. அவர் போகவே வேண்டாம் என்று உறுதியாக நின்றால் என்ன செய்வது என்று நான் சொல்ல மாட்டேன், அது உங்கள் இருவருக்கும் இடையில் உள்ளது. பொய்யைத் திருத்துவதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இந்த வாரமே சொல்லிவிடுங்கள்.

அக்கா மகன்

வேண்டாம். உங்கள் கேள்விகளில் இதற்கு மட்டும் யோசிக்காமல் பதில் சொல்ல முடிகிறது.

17 வயதில் அவனுக்கு கியர் பைக் ஓட்ட இந்தியாவில் உரிமமே கிடைக்காது. அப்படியானால் அவன் எங்கே பழகினான் என்ற கேள்வியும் வருகிறது. மைனர் போடும் கையெழுத்து ஒப்பந்தமாகாது, மலேசியாவிலும் 18 தான் வயது வரம்பு. மாமா என்பதால் அவனுக்காக நீங்கள் கையெழுத்துப் போட முடியாது, நீங்கள் சட்டப்படியான காப்பாளர் இல்லை. உங்கள் அக்காவும் அத்தானும் போட்டாலும், பிள்ளை பங்கேற்கச் சம்மதிப்பது ஒன்று, பிள்ளைக்குக் காயம்பட்டால் அவன் இழப்பீடு கேட்கும் உரிமையை விட்டுக்கொடுப்பது வேறு. இரண்டாவதை நீதிமன்றங்கள் எளிதில் ஏற்பதில்லை. 2023 ஆகஸ்டில் சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை சர்க்யூட்டில் நடந்த பந்தயத்தில் 13 வயதுப் பையன் ஒருவன் விழுந்து இறந்தான். முறையாகப் பயிற்சி பெற்று, உரிமம் எடுத்து ஓட்டிய பிள்ளை அவன். உங்கள் அக்கா மகனுக்கு அந்தத் தயாரிப்புகூட இல்லை.

அவனுக்கு உண்மையிலேயே ஆர்வம் இருந்தால், இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐயின் அங்கீகாரம் உள்ள பயிற்சியில், பெற்றோர் கூட வந்து நிற்க, சிறிய பைக்கில் கோவையிலேயே தொடங்கட்டும். உங்களோடு மலேசியா வந்து பார்வையாளர் இடத்தில் உட்கார்ந்து பார்க்கலாம், அதற்கு அக்காவின் சம்மதக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அவன் பெயரில் டிராக்குக்கு முன்பணம் ஏதும் கட்டியிருந்தால், இவன் மைனர், பதிவை ரத்து செய்து பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று ஏற்பாட்டாளருக்கு இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். வயதைக் கேட்காமல் பதிவு செய்துகொண்டவர்கள் என்றால், உங்கள் சொந்தப் பதிவைப் பற்றியும் நான் மறுபடி யோசிப்பேன்.